வானத்தின் மதகுகள்

வாசகர் கேள்வி

ஐயா, பெரம்பூர்ப் பக்கம் குடியிருக்கிறேன். எங்கள் சபையில் 22 வருடமாக ஞாயிறு பள்ளி எடுக்கிறேன். என் மகள் நிலவியலில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். இந்த மே மாதம் வி.பி.எஸ். என்னும் விடுமுறை வேதாகமப் பள்ளியில் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு நோவாவின் பேழையைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு அவளுக்கு வந்தது. ஒரு பையன், "எவரெஸ்ட்கூட முழுகிடுச்சாக்கா?" என்று கேட்டிருக்கிறான். இவள், "இல்லடா, உலகம் முழுக்க அப்படி ஒரு வெள்ளம் வந்ததாகப் பாறையில் எந்தத் தடயமும் இல்ல" என்று சொல்லிவிட்டாள். அவன் வீட்டில் போய் ஒப்பிக்க, விஷயம் சபையை நிர்வகிக்கும் குருசேகரக் கமிட்டி வரை வந்துவிட்டது. என் மைத்துனர் வேறு சபைக்காரர். "ஆதியாகமத்தில் இது கதை என்றால் உயிர்த்தெழுதலும் கதைதான். இயேசுவே நோவாவைச் சொல்லியிருக்கிறாரே, அவர் பொய் சொன்னாரா? அரியலூரில் கடல் சிப்பி கிடைக்கிறதே, அது எங்கிருந்து வந்தது?" என்று வீட்டுக்கே வந்து பேசிவிட்டுப் போனார். "நான் படிப்பதை நம்புவதா, வேதத்தை நம்புவதா, நீங்களே சொல்லுங்கப்பா" என்றாள் மகள். மூன்று வாரமாக அவள் ஆராதனைக்கு வரவில்லை. ஜலப்பிரளயத்தை எழுத்துக்கு எழுத்து அப்படியே நடந்ததாகத்தான் வாசிக்க வேண்டுமா?

பதில்

அன்புள்ள சகோதரருக்கு,

வேண்டியதில்லை. இறையியல் கல்லூரியில் முப்பது வருடம் பழைய ஏற்பாடும் எபிரேயமும் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கேள்விக்கு என்னைப் போன்றவர்கள் இரண்டு பக்கமும் நோகாதபடி ஒரு பதில் வைத்திருப்போம். பிள்ளை மூன்று வாரமாக வரவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதால் அதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. உலகம் முழுவதையும் தண்ணீர் மூடியது என்ற நடப்புக் குறிப்பாக நான் வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் 6 முதல் 9 வரையுள்ள அதிகாரங்களை வாசிப்பதில்லை. உங்கள் மகள் பாறையைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் அந்த நான்கு அதிகாரங்களை நான் லேசாக எடுத்துக்கொள்வதாக நினைத்துவிடாதீர்கள். வேதாகமத்தில் என்னை அதிகம் தூங்கவிடாத பக்கங்கள் அவை.

முதலில் ஒரு சொல். பழைய மொழிபெயர்ப்பில் 7:11ஐ எடுங்கள்: "மகா ஆழத்தின் ஊற்றுக்கண்களெல்லாம் பிளந்தன, வானத்தின் மதகுகளும் திறவுண்டன." மதகு! செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நின்று பார்த்தவருக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டாம். எபிரேயத்தில் அங்கே இருப்பது ‘அருப்போத்'. சாளரம் போன்ற ஒரு திறப்பு. மல்கியா 3:10இல் வானத்திலிருந்து ஆசீர்வாதம் கொட்டுவதைச் சொல்லும்போதும் அதே சொல்தான் வருகிறது. அங்கே நம் மொழிபெயர்ப்பாளர்கள் ‘பலகணிகள்' என்று போட்டார்கள். ஆசீர்வாதம் வந்தால் பலகணி, வெள்ளம் வந்தால் மதகு. ஏரிப் பாசனத்தோடு வளர்ந்த மொழி இது. அந்த இடத்தில் வேறு சொல் வந்திருந்தால்தான் ஆச்சரியம்.

இப்போது மைத்துனரிடம் கேளுங்கள்: வானத்தில் மதகு உண்டா? மதகு இருந்தால் மேலே ஏரி இருக்க வேண்டும், அதற்குக் கரை இருக்க வேண்டும். ஆதியாகமம் முதல் அதிகாரம் அப்படித்தான் சொல்லவும் சொல்கிறது. ஆகாயவிரிவுக்கு மேலே ஒரு தண்ணீர், கீழே ஒரு தண்ணீர். அந்தக் காலத்து மேற்கு ஆசியாவுக்கு உலகம் அப்படித்தான் தெரிந்தது. "அதெல்லாம் உவமை, மழையைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறது" என்பார். சரி. அப்படியானால் அவரும் எழுத்தைவிட்டு ஒரு படி இறங்கிவிட்டார். எந்த வசனத்தில் இறங்கலாம், எதில் கூடாது என்பதுதான் உங்களுக்குள் நடக்கும் பேச்சு. வேதத்தை நம்புகிறவருக்கும் நம்பாதவருக்கும் நடக்கும் சண்டை இல்லை இது. அவருக்கே இது புரிந்தால் குரல் கொஞ்சம் தணியும்.

இன்னொரு வேலை செய்து பாருங்கள். இரண்டு கலர் பென்சில் எடுத்துக்கொண்டு, ‘கர்த்தர்' என்று வரும் பகுதிகளுக்குச் சிவப்பும் ‘தேவன்' என்று வரும் பகுதிகளுக்கு நீலமும் அடியுங்கள். 6:22இல் தேவன் கட்டளையிட்டபடி நோவா எல்லாம் செய்து முடிக்கிறார். ஐந்து வசனம் தள்ளி 7:5இல் கர்த்தர் கட்டளையிட்டபடி எல்லாம் செய்கிறார். நீலத்தில் உயிரினங்கள் ஜோடி ஜோடியாக வரும். சிவப்பில் சுத்தமான மிருகங்கள் எவ்வேழு ஜோடு. ஓரிடத்தில் 40 நாள் மழை, இன்னோரிடத்தில் தண்ணீர் 150 நாள் பெருகி நிற்கிறது. 7:16இல் ஒரே வசனத்துக்குள் இரண்டு பெயரும் வரும். ஆதியாகமத்தில் இந்த இரண்டு பெயர்களின் வழியே இரண்டு இழைகளைப் பிரித்துப் பார்த்தவர்களில் முன்னோடி ழான் அஸ்த்ருக் என்ற பிரெஞ்சு மருத்துவர். அவர் அதை எழுதி வெளியிட்டது 1753இல். இஸ்ரவேலில் இரண்டு விதமாகச் சொல்லப்பட்ட ஒரே கதையை யாரோ ஒருவர் கயிறு திரிப்பதுபோல ஒன்றாக முறுக்கியிருக்கிறார். முரண்கள் அவர் கண்ணில் படாமல் இருந்திருக்காது. தெரிந்தேதான் இரண்டையும் வைத்துக்கொண்டார். காவல் நிலையத்துக்குப் புகார் எழுதுகிறவர் அப்படி எழுத மாட்டார். ஒரு எண்ணை வெட்டிவிடுவார்.

பாறை விஷயம் உங்கள் மகளுடைய பாடம், அவளே இன்னும் நன்றாகச் சொல்வாள். மைத்துனருக்காக மட்டும் சிறிது. எவரெஸ்ட் 8,849 மீட்டர். அது முழுக வேண்டுமானால் இன்று எல்லாக் கடலிலும் இருக்கிற தண்ணீரைப்போல மூன்று மடங்குக்கும் மேல் புதிதாக வேண்டும், பிறகு அது எங்காவது போயாகவும் வேண்டும். காற்றில் இருக்கும் ஈரம் அத்தனையும் ஒன்றாக மழையாய் விழுந்தாலும் பூமி முழுக்கச் சராசரியாக ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர்தான் தேறும். "அப்போது மலைகள் இவ்வளவு உயரம் இல்லை" என்று ஒரு பதில் வரும். அது வேதத்தில் எழுதியில்லை. எழுத்தைக் காப்பாற்ற எழுத்தில் இல்லாத ஒன்றைச் சேர்க்கிறோம் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

அரியலூர் சிப்பி உண்மைதான். ஏறத்தாழ 10 கோடி வருடத்துக்கு முன் அங்கே கடல் இருந்தது. பல கோடி வருடம் அது முன்னேறி, பின்வாங்கி, மறுபடி வந்திருக்கிறது. அடுக்குக்கு அடுக்கு சிப்பி வகையே மாறுகிறது. கடலடிச் சேற்றில் புழுவும் நண்டும் வளை தோண்டிக் குடியிருந்த தடங்கள்கூட அப்படியே கல்லாகியிருக்கின்றன. எல்லாவற்றையும் புரட்டிப் போட்ட ஒரே வருட வெள்ளத்தின் நடுவே நிதானமாக யார் வளை தோண்டியிருப்பார்கள்? அந்தக் கற்களில் அம்மோனைட் என்ற, அழிந்துபோன சுருள் ஓட்டுக் கடலுயிர் கிடைக்கிறது, டைனோசர் எலும்பு கிடைத்திருக்கிறது. பேழையில் இடம் கிடைக்காத யானையோ மாடோ மனிதனோ ஒன்றுகூட இல்லை. பரங்கிமலைப் பாறையோ இதற்கெல்லாம் மூத்தது. சுமார் 250 கோடி வருடம். பூமிக்கு அடியில் கொடும் சூட்டில் உருவானது. ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கொல்கத்தா கல்லறையில் இந்த வகைக் கல் இருந்ததால் நிலவியலார் அதற்குச் சார்னோகைட் என்று பெயர் வைத்தார்கள். தோமா அப்போஸ்தலருக்கென்று நாம் ஏறும் மலைக்கு ஒரு கம்பெனி வியாபாரியின் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது.

உங்கள் கமிட்டிக்கு ஒரு தகவல். உலகளாவிய பிரளயம் என்ற கருத்தை நிலவியலுக்குள்ளிருந்து கைவிட்டவர்களில் முக்கியமான ஒருவர் ஆடம் செட்ஜ்விக். ஆங்கிலிக்கன் குருவானவர், கேம்பிரிட்ஜில் பேராசிரியர். ஐரோப்பா எங்கும் கிடக்கும் சரளைப் படிவுகளெல்லாம் நோவாவின் வெள்ளம் கொண்டுவந்தவை என்று முதலில் அவரே நம்பினார். 1831இல் லண்டன் நிலவியல் சங்கத்தின் தலைவராக நின்று, தாம் நினைத்தது தவறு என்று எல்லோர் முன்னும் சொன்னார். டார்வினின் உயிரினத் தோற்றம் பற்றிய நூல் வந்தது 1859இல். ஆக, பரிணாமத்துக்குப் பயந்து யாரும் பிரளயத்தை விட்டுக்கொடுக்கவில்லை. கல்லைப் பார்த்த ஒரு விசுவாசி உண்மையைச் சொன்னார், அவ்வளவுதான். குருப்பட்டத்தையும் அவர் விடவில்லை.

இனி இயேசு. மத்தேயு 24இல் அவர் நோவாவின் நாட்களை எடுப்பது, ஜனங்கள் சாப்பிட்டுக்கொண்டும் குடித்துக்கொண்டும் பெண் கொடுத்துக்கொண்டும் எதுவும் உணராமல் இருந்தார்கள் என்பதைச் சொல்ல. தண்ணீர் எத்தனை முழம் ஏறியது என்பது அங்கே பேச்சே இல்லை. பிரசங்க நேரத்தில் தூங்குகிறவரைப் பார்த்துப் போதகர் ஐயர் "கும்பகர்ணன்" என்றால் அவர் இலங்கைப் போருக்குச் சாட்சி சொல்கிறார் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. இந்த ஒப்பீடு கொஞ்சம் மட்டமானதுதான். இயேசுவுக்கு நோவா அதைவிட எவ்வளவோ பெரியவர், அது அவருடைய சொந்த வேதம். என்றாலும் எல்லோருக்கும் தெரிந்த கதையைத் தொட்டுக்காட்டிப் பேசுவது பொய் ஆகாது.

உயிர்த்தெழுதலோடு இதை முடிச்சுப் போடுவதுதான் எனக்குக் கோபம் வரும் இடம். 1 கொரிந்தியர் 15இல் பவுல் ஆள் பெயர் சொல்கிறார். கேபா என்ற பேதுரு, யாக்கோபு, ஐந்நூறு பேருக்கு மேல், அவர்களில் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்கிறார். போய்க் கேட்டுக்கொள் என்ற தொனி. ஆதியாகமத்தில் அப்படி ஒரு வரி உண்டா? இரண்டும் ஒரே புத்தகக் கட்டில் இருப்பதால் ஒரே வகை எழுத்து ஆகிவிடாது. ஒன்று விழுந்தால் மற்றதும் விழும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால், கல்லூரிக்குப் போய் முதலாவது விழும் நாளில் இரண்டாவதையும் அவர்களே தள்ளிவிடுவார்கள். அதற்குப் பல்கலைக்கழகத்தைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை.

சரி, நடப்புக் குறிப்பு இல்லை என்றால் அது என்ன? இஸ்ரவேலர் இந்தக் கதையைத் தாங்களாக உண்டாக்கவில்லை. டைகிரிஸ், யூப்ரட்டீஸ் நதிகளுக்கு நடுவே வெள்ளம் கண்ட மக்கள் வெகுகாலமாகச் சொல்லிவந்த கதை அது. 1872இல் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஜார்ஜ் ஸ்மித் என்பவர், நினிவேயில் கிடைத்த களிமண் பலகை ஒன்றில் கப்பலும் மலையும் திரும்பி வந்த புறாவும் இருப்பதை வாசித்தார். அதற்கும் பழைய அத்ரஹாசிஸ் கதையின் பலகைகள் ஏறத்தாழ கி.மு. 1700ஐச் சேர்ந்தவை. அதில் தெய்வங்கள் ஏன் வெள்ளத்தை அனுப்புகிறார்கள் தெரியுமா? மனிதர் போடும் சத்தத்தில் தூக்கம் கெடுகிறது. வெள்ளம் வடிந்து, பிழைத்தவன் பலி செலுத்தும்போது பசியோடிருந்த தெய்வங்கள் ஈக்களைப்போல வந்து மொய்க்கிறார்கள்.

எபிரேயர் இந்தக் கதையைக் கையில் எடுத்து எதை மாற்றினார்கள் என்று பாருங்கள், அங்கேதான் அவர்களுடைய விசுவாசம் இருக்கிறது. காரணம் மாறுகிறது. "பூமி கொடுமையினால் நிறைந்திருந்தது." மனிதன் மனிதனுக்குச் செய்யும் வன்முறை. தூக்கம் கெட்ட எரிச்சல் போய், "அது அவர் இருதயத்துக்கு விசனமாயிருந்தது" என்று வருகிறது. கடவுளுக்கு மனம் நொந்தது என்று எழுத ஒரு துணிச்சல் வேண்டும்.

நம் ஊரிலும் இப்படிக் கதைகள் உண்டே. சீர்காழிக்குத் தோணிபுரம் என்று பெயர், பிரளயத்தில் சிவன் தோணியில் வந்து தங்கிய இடம் என்பார்கள். குமரிக்கோடு என்ற பகுதியைக் கொடுங்கடல் கொண்டதென்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அதை வரைபடம் போட்டு அளந்தவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள், அது வேறு சண்டை.

நீங்கள் ஞாயிறு பள்ளியில் எத்தனை தடவை நடத்தியிருந்தாலும் இன்று இரவு இரண்டு வசனத்தை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். 6:5இல், மனிதனுடைய இருதயத்து நினைவுகளெல்லாம் நித்தமும் பொல்லாதது, அதனால் அழிப்பேன் (இது 6:7இல் வருகிறது). 8:21இல், மனிதனுடைய இருதயத்தின் நினைவுகள் சிறுவயது தொடங்கிப் பொல்லாதது, இனி அழிக்க மாட்டேன். அதே காரணம்! எபிரேயத்தில் அந்த இடத்தில் ‘கீ' என்று ஒரு சின்னச் சொல் நிற்கிறது. ‘ஏனென்றால்' என்றும் வாசிக்கலாம், ‘என்றாலும்' என்றும் வாசிக்கலாம். உலகத்தையே கழுவியும் மனிதன் மாறவில்லை. கரையிறங்கிய நோவா திராட்சைத் தோட்டம் போட்டு, குடித்து, கூடாரத்தில் துணியில்லாமல் கிடக்கிறார். வி.பி.எஸ். கலரிங் புத்தகத்தில் இந்தப் படத்தைப் போடமாட்டார்கள். மாறியது யார் என்றால் கடவுள். வில்லை எடுத்து மேகத்தில் வைத்துவிடுகிறார். எபிரேயத்திலும் அது போர் வில்லுக்கான சொல்தான். தமிழனுக்கு இது எளிது, நாமும் அதை வானவில் என்றுதானே சொல்கிறோம். முழத்தை அளந்துகொண்டிருப்பவருக்கு இதெல்லாம் கண்ணில் படுவதே இல்லை. (பூக்கார அம்மாவிடம் கேட்டால் தெரியும், முழமே ஆளுக்கு ஆள் மாறும்.)

எவரெஸ்ட் கேட்ட பையனைவிட நான் பயப்படுவது, "அந்த ஊர்க் குட்டிப் பாப்பாக்கள் என்னக்கா பண்ணுச்சு?" என்று கேட்கும் பெண் குழந்தைக்கு. எழுத்துக்கு எழுத்து நடந்தது என்பவர்கள் அதற்குச் சொல்லும் பதில் எதுவும் எனக்குப் போதவில்லை. என்னிடம் இருப்பதும் முழுப் பதில் இல்லை, ஒரு சொல்தான். பேழைக்கு எபிரேயத்தில் ‘தேவா'. அந்தச் சொல் வேதாகமத்தில் இன்னும் ஒரே ஒரு பொருளுக்குத்தான் வருகிறது: நைல் நதியில் மோசேயை வைத்த பெட்டி. தமிழில் அதை நாணற்பெட்டி என்று போட்டதால் இந்தத் தொடர்பு நமக்குத் தெரியாமல் போயிற்று. இரண்டுக்கும் கீல் பூசுகிறார்கள். அந்த இரண்டாவது கதையில் குழந்தைகளைத் தண்ணீரில் போடச் சொல்கிறவன் பார்வோன். பெட்டி செய்கிறவள் ஒரு தாய். அந்தத் தண்ணீரில் கடவுள் யார் பக்கம் நிற்கிறார் என்பதில் அங்கே சந்தேகமே இல்லை.

இது எனக்கு ஏட்டுப் பிரச்சினை அல்ல. 2015 டிசம்பரில் நாங்கள் சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரைக்குப் பக்கத்தில் தரைத்தளத்தில் இருந்தோம். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். என் எபிரேய அகராதி கூழாகிப்போனது. பக்கத்து வீட்டில் தையல் மெஷினை வைத்துப் பிழைத்த அம்மாவுக்கு அந்த மெஷினும் இல்லை. தண்ணீர் வடிந்த அடுத்த வாரம் ரொட்டிப் பொட்டலத்தோடு ஒரு பிரசங்கியார் வந்தார். நோவா காலத்துப் பாவம் இந்தப் பட்டணத்தில் நிறைந்துவிட்டது, அதனால்தான் இது என்று அந்த அம்மா முகத்துக்கு நேராகச் சொன்னார். அந்த அம்மா ரொட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்கு நாக்கு எழவில்லை, இன்றுவரை அது உறுத்துகிறது. எழுத்தின்படி வாசிக்கிறவர் எழுத்தின்படியே 9:15ஐ வாசித்திருந்தால், இனி எல்லா உயிரையும் அழிக்க வெள்ளத்தை அனுப்புவதில்லை என்று கடவுள் வாக்குக் கொடுத்திருப்பது தெரிந்திருக்கும்.

கமிட்டியில் பாறையைப் பற்றிப் பேசாதீர்கள். அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். 6:5, 8:21 என்ற அந்த இரண்டு வசனத்தையும் சத்தமாக வாசித்துவிட்டு, இதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க விரும்புகிறோம் என்று சொல்லுங்கள். மகள் அந்தப் பையனிடம் சொன்னது தவறில்லை, பாதியில் நிறுத்தியதுதான் குறை. பத்து வயதுக்காரனிடம் ஒன்றை எடுத்தால் கையில் இன்னொன்றைக் கொடுக்க வேண்டும். அதை அவள் அடுத்த முறை கற்றுக்கொள்வாள். மைத்துனரோடு சாப்பாட்டு நேரத்தில் இந்தப் பேச்சு வேண்டாம். அவரும் வேதத்தின்மேல் உள்ள பயபக்தியில்தான் கத்துகிறார். என் அம்மாவும் கடைசிவரை அப்படியே நம்பினார், அவரிடம் நான் ஒரு நாளும் வாதம் பண்ணியதில்லை.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தில் பையன் சொன்னது இருக்கிறது, கமிட்டி இருக்கிறது, மைத்துனர் பேசியதெல்லாம் இருக்கிறது. அவர்கள் பேசும்போது நீங்கள் மகளுக்காக என்ன சொன்னீர்கள் என்று தேடினேன், இல்லை. ‘படிப்பை நம்புவதா, வேதத்தை நம்புவதா' என்ற கேள்வியை அவள் தானாக உண்டாக்கவில்லை, மாமா கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவள் அதை உங்களிடம் கொண்டுவந்திருக்கிறாள். பதில் சொல்ல அவசரப்பட வேண்டாம். அரியலூர் சிப்பி ஒன்று இருந்தால் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நிலவியல் படிக்கும் பிள்ளையின் அலமாரியில் ஒன்றாவது இருக்கும்.